தானே அணையும் கெட்டில்

காலையில் ஒரு தடவை டீ போட்டதோடு சரி. ஆனால் மத்தியானம் மூன்று மணிக்கு மேவிஸின் கை பட்டபோது கெட்டில் சுட்டது.

மூன்று நாளாகப் பனி. இங்கிலாந்தின் அந்த யார்க்‌ஷயர் தெருவில் வாசல்களெல்லாம் புதைந்து கிடந்தன; பக்கத்து ஊரான ஹாலிஃபாக்ஸுக்குப் போன கணவன் வில்ஃப் திரும்ப வழியில்லை. கிறிஸ்துமஸுக்கு அவன் வாங்கித் தந்த மின்சாரக் கெட்டில் அது. அதற்கு முன்பிருந்தது விசில் கெட்டில். கொதித்தால் வீட்டையே கூப்பிடும். அம்மா காலத்து இரும்புக் கெட்டிலோ கரியடுப்பின்மேல் நாள் முழுக்க முனகும். "இதுக்கு யாரும் காவல் நிக்க வேணாம். கொதிச்சா தானே அணைஞ்சிடும்" என்று வில்ஃப் பெருமையடித்திருந்தான்.

அப்படியானால், யார் கொதிக்கவைத்தாலும் தெரியாது.

தண்ணீரைக் கொட்டிவிட்டு முன்னறையில் கணப்பருகே வந்து உட்கார்ந்தாள். ஈரக் கம்பளியின் வாடை, ஜன்னலை மூடிய பனியில் கசிந்த சாம்பல் வெளிச்சம், பாரம் தாங்காமல் கூரை மரம் நெரியும் ஓசை, இவற்றுக்கெல்லாம் அடியில் சமையலறையிலிருந்து மெல்லிய இரைச்சல் ஒன்று ஏறி ஏறி வந்தது.

டக். அணைந்தது.

பக்கத்து வீட்டு ஈனிட் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரைத் தட்டினாள்.

"ஏண்டி மேவிஸ், வில்ஃப் எப்படி வந்து சேந்தான்?"

"அவர் எங்க வந்தார்? நான் மட்டுந்தான் இருக்கேன்."

ஈனிட் மறுபடி சுவரைத் தட்டினாள்.

"விளையாடாதடி. காலையிலேருந்து உன் சமையல்கட்டுல யாரோ கரண்டியால கலக்குற சத்தம். இப்பவும் கேக்குதே."

மேவிஸ் பாய்ந்து போய்ச் சமையலறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். தெருக்கதவை இழுத்துத் திறந்தாள். எதிரே, அவள் உயரத்துக்கு மேல் வெள்ளைச் சுவர். கையால் தோண்டினாள். விரல் மரத்தது. தோண்டிய குழி சரிந்து மூடியது.

"ஈனிட்! யாரையாவது கூப்பிடேன்!"

"எப்படிக் கூப்பிட? நானும் அடைபட்டுத்தானே கெடக்கேன்." பிறகு, தணிந்த குரலில்: "மேவிஸ்... சத்தம் இப்ப சமையல்கட்டுல இல்ல. உன் பக்கத்துல கேக்குது."

திரும்பினாள்.

சமையலறைக் கதவு தாழ் போட்டபடியே இருந்தது. அவள் நாற்காலியருகே, குட்டி மேசையில், ஒரு கோப்பை. ஆவி பறந்தது.

பாதி டீ இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கால்வாசியானது.