உள்ளிருந்து மூடும் கல்

அன்று காற்று சரியில்லை. டூரிஸ்டுகளை ஏற்றிப் பறக்கும் பலூன் ஒன்றுகூட ஏறவில்லை. இறங்கும் பலூன்களைத் துரத்திப் பிடிக்க வண்டி ஓட்டுவதுதான் என் கணவர் ரிஃபாத்தின் வேலை. விடியுமுன் கிளம்பிய மனுஷன் எட்டு மணிக்கெல்லாம் வீட்டில் வந்து நின்றார். வேலையில்லாத ரிஃபாத்தைப் போல ஒரு தொல்லை இந்தக் கப்படோசியா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

"பின்னறையைக் காலி பண்ணு நெஸ்ரின். ரெண்டு கட்டில் போட்டா டூரிஸ்ட் வரிசையில நிப்பான்."

"என் எலுமிச்சைப் பெட்டியையெல்லாம் உன் தலையிலயா வைக்கிறது?"

எங்கள் வீடு பாறையைக் குடைந்தது; அந்தக் குளிர்ச்சியில் எலுமிச்சை மாசக்கணக்கில் கெடாது. பின்னறைச் சுவரில் கீழே இறங்கும் சுரங்கவழி. அதன் வாயில் ஒரு வட்டக்கல், திருகை போல, ஆள் உயரம். அந்தக் காலத்தில் படை வந்தால் ஜனங்கள் உள்ளே ஓடி, அதை உருட்டி வழியை அடைத்துக்கொள்வார்கள். உள்ளேயிருந்துதான் உருட்ட முடியும். அதற்கும் இரண்டு பேர் தோள் கொடுக்க வேண்டும். நடுவில் கை நுழையும் அளவு ஒரு துளை, அவ்வளவுதான். கல் எப்போதும் திறந்தே கிடக்கும். ஆனால் அதைத் தாண்டி யாரும் தனியாகப் போவதில்லை. தனியாகப் போனால் உள்ளே துணைக்கு ஆள் வந்துவிடும் என்று எங்கள் ஊரில் பயம்.

"அப்ப பெட்டிங்களை உள்ள தள்ளிடறேன்" என்று டார்ச்சை எடுத்தார்.

"தனியாவா? பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடுய்யா."

"உன்னைவிடவா அங்க ஒரு பேய் இருக்கப்போகுது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "போ! போய் அங்கேயே கிட!"

ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு குனிந்து உள்ளே போனார்.

கல் உருண்டது.

அவசரமே இல்லாமல், நறநறவென்று அரைத்துக்கொண்டு வந்து வழியை மூடியது. ஈரப் பாறை வாடை குப்பென்று அடித்தது.

துளையில் வாயை வைத்துக் கத்தினேன். "ரிஃபாத்! விளையாடாதே!"

"நான் தொடவேயில்லடி. நீ தள்ளாதே."

"நான் வெளியில நிக்கறேன்யா!"

உள்ளே டார்ச் வெளிச்சம் ஒரு சுற்றுச் சுற்றியது.

அணைந்தது.

ஊரைக் கூட்ட ஓடினேன். வாசலைத் தாண்டுவதற்குள் மறுபடி அந்த நறநற. ஓடி வந்து பார்த்தால் கல் திறந்திருந்தது. தலையெல்லாம் வெள்ளைப் புழுதியோடு ரிஃபாத் வெளியே வந்து நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் கல் உருண்டு மூடிக்கொண்டது.

உயிரோடு வந்தாரே என்று கட்டிக்கொண்டு அழுதேன். உடம்பு ஜில்லென்றிருந்தது.

மூன்று நாளாக எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறார். ரொட்டி கருகிவிட்டது என்றேன், "சரி" என்றார். பின்னறையைத் தரமாட்டேன் என்றேன், அதற்கும் "சரி". இருபத்தாறு வருஷத்தில் என் ஒரு பேச்சையாவது பதிலில்லாமல் விட்ட மனுஷனா அவர்? யாரிடம் போய்ச் சொல்வது? புருஷன் வீட்டில் நல்லபடியாகத்தானே உட்கார்ந்திருக்கிறார்!

அவர் வெளியே வந்த பிறகு கல்லை உள்ளிருந்து மூடியது யார்?

இன்று காலை பலூன்கள் ஏறின. அவர் வேலைக்குப் போகவில்லை. பின்னறையில் சுண்ணாம்புக் கலவை போட்டுக்கொண்டிருந்தார்.

"காத்து வருது. துளையை அடைச்சிடலாம்" என்றவர், தண்ணீர் எடுக்க முற்றத்துக்குப் போனார்.

நான் துளையில் காதை வைத்தேன்.

"போதும்டி நெஸ்ரின்." கல்லுக்கு உள்ளேயிருந்து வந்த குரல் கம்மியிருந்தது. "அங்கேயே கிடன்னு சொன்னே, கிடந்துட்டேன். எலுமிச்சம்பழம் தின்னு தின்னு வாயெல்லாம் வெந்துபோச்சு. ஒத்த ஆளா இதை நகர்த்த முடியலடி. இங்க இருக்கறவங்க ஒருத்தரும் தோள் கொடுக்க மாட்டேங்கறாங்க."

துளைக்குள் கையை விட்டேன். விரல்கள் பற்றிக்கொண்டன. கதகதப்பாக இருந்தன.

எனக்குப் பின்னால் வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"கையை எடு நெஸ்ரின். கலவை காயுது."