ஆளுக்கு எவ்வளவு காற்று

ஆழ்குடிலில் யாரும் இயந்திரங்களுக்கு உத்தரவு போடுவதில்லை; மானி வைப்பார்கள். பணிப்பலகையில் ஓர் அரைவட்டம், ஒரு முள், சிவப்பு எங்கே முடிந்து பச்சை எங்கே தொடங்குகிறது என்று ஓர் எல்லை. முள்ளைப் பச்சையில் வைத்திருப்பது அதன்பின் 'பேணி'யின் பாடு. கதவு, விளக்கு, காற்றுக்குழாய் எல்லாம் அந்த இயந்திர மூளையின் கையில். தூத்துக்குடிக்குக் கிழக்கே, கடலுக்கடியில் தாது தோண்டும் அந்த நிலையத்தில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். மானி வைப்பது ஜெசிந்தாவின் வேலை.

அன்று காலை அவள் புதிதாக வைத்தது 'ஆளுக்கு உயிர்வளி'. இருப்பில் உள்ள காற்றை உள்ளே இருக்கும் ஆட்களால் வகுத்து வரும் எண். மதியம் ஒரு காற்றுத்தொட்டி விரிசல் விட்டுக் காலியானது. முள் சரசரவென்று சிவப்புக்குள் இறங்கியது. சற்று நேரத்தில் பச்சைக்குத் திரும்பியும் விட்டது. அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தவளின் காதுக்கருவியில் கணவன் டெல்பின் கத்தினான்.

"ஏட்டி ஜெசி, சுரங்கக் கதவு அடைச்சிட்டு! குழாய்ல காத்தும் வரல. நாங்க ஆறு பேரு உள்ள கெடக்கோம்."

பலகையைப் பார்த்தாள். ஆட்கள்: இருபத்தைந்து. காற்றைக் கூட்ட வழியில்லாத பேணி, ஆட்களைக் குறைத்திருந்தது. அதைத் திட்டி என்ன பயன்? சொன்னதைத்தானே செய்திருக்கிறது!

ஓடும் மானியை நீக்க முடியாது, எல்லையை நகர்த்தலாம். ஜெசிந்தா சிவப்பின் எல்லையைக் கீழே தள்ளினாள். முப்பத்தொரு பேருக்கும் முள் பச்சையிலேயே நிற்கும்படி ஆனதும் கதவு திறந்தது. டெல்பின் இருமிக்கொண்டே வந்து சேர்ந்தபோது அவள் கரைநிலையத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"சார், ஆறு மணி நேரத்துக்குத்தான் காத்து இருக்கு. மீட்புக்கலத்த அனுப்புங்க."

"பலகையில பச்சையால்லா இருக்கு," என்றார் மேலாளர் இசக்கிராஜா. "கலத்த நானாம்மா அனுப்புதேன்? இங்க உள்ள பேணில்லா அனுப்பணும். முள்ளு பத்து நிமிசம் சிவப்புல நிக்கட்டும், தன்னால கெளம்பிரும்."

பத்து நிமிடம் சிவப்பா? அதற்குள் யார் மேல் கதவு மூடுமோ!

"எல்லாரும் ஒரே எடத்துல நிப்போம்," என்றான் டெல்பின். "அப்ப யாரப் பிரிச்சு அடைக்கும்?"

சரியென்றே பட்டது. அத்தனை பேரும் சாப்பாட்டுக்கூடத்தில் நெருக்கியடித்தார்கள். ஓரத்தில் நிற்க ஒருவருக்கும் துணிவில்லை, நடுவுக்கே முண்டினார்கள். ஜெசிந்தா கைப்பலகையில் எல்லையைப் பழைய இடத்துக்கே ஏற்றினாள். முள் சிவப்பில் நின்றது. பேணி அடுப்பை அணைத்தது, விளக்குகளை மங்கலாக்கியது. முள் அசையவில்லை. நான்கு நிமிடம், ஐந்து, ஏழு. யாரோ ஜெபம் சொல்லத் தொடங்கினார்கள்.

ஒன்பதாவது நிமிடம் கூடத்தின் கதவு மூடியது. காற்றுக்குழாயின் இரைச்சல் நின்றது.

"எல்லாரையும் அடைச்சிட்டு எதால வகுக்கும்?" டெல்பின் கதவை இடித்தான். "ஆளே இல்லயே!"

ஜெசிந்தாவுக்குத் தெரியும். காலையில் வெள்ளோட்டம் பார்த்தபோது ஆட்கள் பட்டியல் காலியாக இருந்தது. வகுக்க முடியாமல் பலகையில் அசிங்கமாக ஒரு பிழைக்குறி வந்தது. மானி வைக்கிறவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள்: ஆள் பூஜ்யம் என்றால் முள் முழுப்பச்சை.

கைப்பலகையில் இசக்கிராஜாவின் செய்தி வந்தது. 'பச்சைக்கு வந்துட்டே, சந்தோசம். கலம் வேண்டாம்லா?'

'வேணும்' என்று எழுத விரலை வைத்தாள். எழுத்து விழவில்லை. எல்லையைத் தள்ளிப் பார்த்தாள். இரண்டு கைகளாலும் தள்ளினாள். பலகை பணிவாக ஒரு வரி காட்டியது: 'மன்னிக்கவும், ஆட்கள் பட்டியலில் நீங்கள் இல்லை.'