அவர் பெயருக்குக் கீழே

அந்தப் பெரிய மனிதரின் பெட்டிகள் எங்கள் ஆவணக் காப்பகத்துக்கு வந்து இறங்கியது ஒரு மழைக்காலக் காலையில். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறையில் கொண்டுவந்து அடுக்கினார்கள். பழைய காகிதத்துக்கென்று ஒரு வாடை உண்டு. அது எனக்குப் பழக்கம்தான். ஆனால் இந்தப் பெட்டிகளைத் திறந்தால் கிராம்பு மணந்தது.

பெரிய மனிதர் என்றால் சொற்பொழிவாளர். மேடையேறி, கூட்டம் அடங்கும்வரை தொண்டையைச் செருமிவிட்டு, தன்னடக்கத்தைப் பற்றி மணிக்கணக்கில் முழங்கியவர். குரல் கெட்டுவிடக் கூடாதென்று கிராம்பு மென்றுகொண்டே இருப்பாராம். அவர் பேசிய ஒலிநாடா ஒன்றைப் போட்டுக் கேட்டேன். தன்னடக்கத்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் உச்சரிப்பு மட்டும்தான்.

எங்கள் இயக்குநர் அவருடைய பரம ரசிகர். இருக்காதா பின்னே? இயக்குநர் தன் வாழ்நாளில் ஒரு தாளைப் பிரித்துப் பார்த்தவரில்லை. நாங்கள் முதுகொடிய எழுதிக் கொடுப்பதில் கையெழுத்துப் போடுவார். பாராட்டு என்றால் மட்டும் முதல் ஆளாக வந்து நிற்பார்.

பெட்டிகளோடு சொற்பொழிவாளரின் மகளும் வந்திருந்தார். நரைத்த தலை, மெலிந்த குரல். இயக்குநர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா ஒரு வரிகூட எழுதினதில்லம்மா. எல்லாம் எங்க அம்மா எழுதினது. வேலையெல்லாம் முடிச்சிட்டு உக்காந்து எழுதுவாங்க. இவர் போய்ப் பேசிட்டு வருவார். செத்ததுக்கு அப்புறமாவது அம்மாவ அவருக்குக் கீழ வைக்காதீங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்."

எப்படி மறுக்க முடியும்? வாக்குக் கொடுத்தேன்.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உச்சியில் தொகுப்பு. அதற்குள் வரிசைகள், வரிசைக்குள் கோப்புகள், கோப்புக்குள் தாள்கள். மேல்மட்டத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டால் கீழே உள்ள அத்தனைக்கும் அது பொருந்தும். திரும்பத் திரும்ப எழுத மாட்டோம். உச்சியில் இன்னார் உருவாக்கியது என்று போட்டால், அடியில் கிடக்கும் துண்டுச் சீட்டுகூட அந்த இன்னாருடையதுதான்.

உச்சியில் சொற்பொழிவாளரின் பெயரைப் போட்டு, அந்த அம்மாளை அடிமட்டத்தில் 'குடும்பம், இதர' என்ற கோப்பில் வைக்கச் சொன்னார் இயக்குநர். இதரவாம்! வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவர் தலை மறைந்ததும் அந்த அம்மாளுக்குத் தனித் தொகுப்பு ஒன்றை உருவாக்கி, அவர் எழுதிய உரைகள் முழுவதையும் எதிர்ச்சுவர் அலமாரிக்கு மாற்றினேன். சொற்பொழிவாளருக்கு மிஞ்சியது ஒலிநாடாவும் பாராட்டுப் பத்திரங்களும், பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் புகைப்படங்களும்தான்.

மறுநாள் அறையைத் திறந்தேன்.

அம்மாளின் பெட்டிகள் எல்லாம் சொற்பொழிவாளருடைய அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன.

சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. இயக்குநருக்கு அந்த அறை எந்தப் பக்கம் என்றே தெரியாது. மறுபடியும் சுமந்து மாற்றினேன். மறுபடியும் அவை கீழ்த்தட்டுக்கே வந்திருந்தன.

ஒரு மதியம், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அந்தச் சத்தம் கேட்டது.

செருமல்.

அலமாரிக்குப் பின்னால், ஒலிநாடாவில் கேட்ட அதே செருமல். அதைத் தொடர்ந்து கீழ்த்தட்டிலிருந்து பேனா கீறும் ஓசை. களைத்துப்போன கை எழுதுவதுபோல விட்டுவிட்டு வந்தது. பேனா நின்றால் செருமல் பலமாகும். பேனா மறுபடியும் ஓடும்.

எனக்குப் பயத்துக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.

"செத்தும் வெக்கமில்லையா உனக்கு?" என்றேன்.

கிராம்பு வாசனையோடு ஒரு மூச்சு என் பின்கழுத்தில் பட்டது. அதற்குப் பிறகுதான் பயந்து வெளியே ஓடினேன்.

ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. பெட்டிகளை மறுபடியும் மாற்றிவிட்டு, இரண்டு தொகுப்புகளுக்கும் அறிமுகம் எழுத உட்கார்ந்தேன். சொற்பொழிவாளருடையதை மெனக்கெட்டு எழுதினேன். படிப்பவர்களுக்கு அது புகழ்ச்சி. கூர்ந்து படித்தால் வரிக்கு வரி ஊசி. நன்றாக எழுதுவேன் என்ற திமிர் எனக்கு உண்டு. இயக்குநருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். கையால் எழுதிய மூலப்படியையும் வேலைக் குறிப்புகளையும் அந்தந்தத் தொகுப்போடு வைப்பது எங்கள் வழக்கம். சொற்பொழிவாளருடையதை அவருடைய அலமாரியில், கீழ்த்தட்டில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் அம்மாளின் பெட்டிகள் வைத்த இடத்திலேயே இருந்தன. அதற்கடுத்த நாளும் அப்படியே. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மகளுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர் அழுதுவிட்டார்.

தொகுப்புகளின் திறப்பு விழாவுக்கு மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இயக்குநர் மேடையேறினார். எப்போதும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அந்த மனிதர் கூட்டத்தை நிதானமாகப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

அரங்கம் முழுக்கக் கிராம்பு மணந்தது.

பேசத் தொடங்கினார். என் வரிகள், ஊசிகளை மட்டும் உருவிவிட்ட என் வரிகள். கையில் தாள் இல்லை. குரலும் அவருடையதில்லை.

மகளின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின.

"அப்பா குரல்," என்று கிசுகிசுத்தார். "இந்தத் தடவை யாரும்மா எழுதிக் குடுத்தது?"

எழுந்து ஓடினேன். கீழ்த்தள அறையைத் திறந்தேன். எதிர்ச்சுவரில் அம்மாளின் பெட்டிகள் அமைதியாக இருந்தன. அவற்றை இழுக்க வேண்டிய தேவை சொற்பொழிவாளருக்கு இனி இல்லை. அவர் பெயருக்குக் கீழே எதை வைத்தாலும் அது அவருடையது. இந்த விதியை எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! கடைசியில் என் எழுத்தை நானே கொண்டுபோய் அங்கே வைத்திருக்கிறேன்.

கீழ்த்தட்டில் பேனா ஓடிக்கொண்டிருந்தது. நான் பெட்டியைத் தொட்டதும் நின்றது.

உள்ளே ஒரு புதிய உரை இருந்தது. தன்னடக்கத்தைப் பற்றி. நான் எழுதவே எழுதாத வாக்கியங்கள், என் கையெழுத்தில். கடைசி வரி பாதியில் நின்றிருந்தது. மை காயவில்லை.

என் வலதுகை விரல்களிலும் மை இருந்தது.

மேலே கைதட்டல் ஓய்ந்தது. என் காதருகே யாரோ பொறுமையில்லாமல் செருமினார்கள்.