ஒரு கொத்துக் கொசுறு

காலையில் எழுந்ததும் பல் துலக்கி, பசியை அணைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவது செங்குகைக் குடியிருப்பில் எல்லோருக்கும் பழகிப்போன காரியம். எல்லோருக்கும் என்றால், கீழ்த்தளத்தில் குடியிருந்த எல்லோருக்கும். காதுக்குப் பின்னால், தோலுக்கடியில் ஒரு பசியணைப்பான் இருக்கும். அழுத்தினால் வயிறு வாயை மூடிக்கொள்ளும். பிறகு ஓர் ஊட்டக்குளிகையை விழுங்கினால் அன்றைய சாப்பாடு முடிந்தது. செவ்வாய்க்கு மனிதர்கள் வந்து மூன்று தலைமுறை ஆகியிருந்தும், மேல்தளத்துக்காரர்கள் மட்டும் இன்னும் சாம்பார் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சூரியத் தகடுகளில் புழுதி துடைக்கும் தவமணிக்கு இதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. வருத்தப்படுவதற்கும் கொஞ்சம் பசி வேண்டியிருக்கிறது. அவளுக்கு இருந்த ஒரே கவலை ஆறு வயது மகள் சுடர். பால்குடி மறந்த நாளிலிருந்து குளிகைதான். அதனால் நாக்கு மரத்துக் கிடந்தது. நிஜக் காய்கறி கொடுத்து இந்த வயதிலேயே எழுப்பாவிட்டால் அந்த நாக்கு அப்புறம் எழுந்திருக்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவர் வாய்க்கென்ன, சொல்லிவிட்டார். மேல்தளத்து உழவர் சந்தையில் அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்க அவளுடைய ஒரு வாரக் கூலி போதாது.

அப்போதுதான் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. கீழ்த்தளத்தாரின் மணிக்கட்டுச் சில்லில் மாதாமாதம் ஏறும் உணவுத்துணைப் புள்ளிகளுக்கு உழவர் சந்தையில் இனிப் பத்து மடங்கு மதிப்பு என்று நகரவை அறிவித்தது. ஏழைகளும் பச்சைக் காய்கறி சாப்பிட வேண்டுமாம்.

அடுத்த சந்தை நாளில் தவமணி மகளைக் கூட்டிக்கொண்டு மேலே போனாள். குமிழ்த் தோட்டங்களில் உழவர்கள் விளைவித்ததை ஓர் இயந்திர வியாபாரி விற்றுக்கொண்டிருந்தது.

"அரைக் கிலோ கத்தரிக்கா, ரெண்டு தக்காளி போடுப்பா."

இயந்திரம் நிறுத்துப் பையில் போட்டது. அவளுடைய மணிக்கட்டு பச்சையாக ஒளிர்ந்தது. பேசாமல் வந்திருக்கலாம். ஆனால் காய் வாங்கிவிட்டுக் கொசுறு கேட்காமல் நகர நம் ஆட்களுக்குத் தெரியாது, கிரகம் மாறினால் மட்டும் மாறிவிடுமா?

"கறிவேப்பில போடலையே?"

"மறப்பேனாம்மா?" என்றது இயந்திரம். கொசுறு போடாத கடையை விட்டு வாடிக்கையாளர் நகர்வதில்லை என்று கண்டு, பொறியாளர்கள் அதற்கு அந்த வழக்கத்தையும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஒரு கொத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தது.

மணிக்கட்டு சிவந்தது. ஒரு குரல் மரியாதையாகப் பேசியது. "விலையில்லா உணவு பெற்றுள்ளீர்கள். உங்களை ஆதரிக்க ஆள் இருப்பதாகப் பதிவாகிறது. உணவுத்துணை நிறுத்தப்படுகிறது. இப்போது வாங்கியதும் ரத்தாகிறது."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

"ஐயோ, கறிவேப்பிலதானேப்பா! இந்தா, நீயே வச்சுக்க." தவமணி கொத்தைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

"வாங்கினது வாங்கினதுதாம்மா. பதிவாயிடுச்சு" என்ற இயந்திரம், கத்தரிக்காயையும் தக்காளியையும் பையிலிருந்து எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டது.

தவமணிக்கு அழ வேண்டும் போலிருந்தது. வரவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். சுடர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எதையோ மென்றுகொண்டிருந்தாள். கொத்து அம்மா கையில் இருந்தபோதே ஓர் இலையைக் கிள்ளியிருந்தாள்.

"அம்மா, என்னமோ பண்ணுதும்மா வாயில."

"எரியுதா? கசக்குதா?"

"தெரியல. ஆனா நல்லாருக்கு. இன்னொண்ணு குடும்மா."

தவமணி தட்டை எட்டிப் பார்த்தாள். அதற்குள் பின்னால் நின்றிருந்த சிங்காரவேலர் முன்னால் வந்துவிட்டார். நகரவை உறுப்பினர், இந்தத் திட்டத்துக்குக் கை தூக்கியவர்களில் ஒருவர்.

"பாக்கப் பாவமாத்தான் இருக்கு" என்றார் பக்கத்திலிருந்தவரிடம். "ஆனா இலவசமா வாங்கிப் பழகிட்டா ஜனங்க சோம்பேறியாயிடுவாங்க. ஒரு கட்டுப்பாடு வேணும் பாருங்க."

இயந்திரம் அவருக்கு இரண்டு கிலோ கத்தரிக்காய் நிறுத்துப் போட்டது. தட்டில் கிடந்த கொத்தை எடுத்து மேலே செருகியது. அவர் மணிக்கட்டு ஒன்றும் சொல்லவில்லை.

சிங்காரவேலர் பைக்குள் குனிந்து பார்த்தார்.

"என்னப்பா, இதுல ஒரு இலை குறையுதே? வேற நல்ல கொத்தாப் போடு. அப்படியே நாலு பச்சமிளகாயும்."