மூன்றும் நான்கும் சொல்லக் கூடாது

வெர்னா ஹால்கம் தன் வேனை நிறுத்திவிட்டு இறங்கியபோது அலபாமாவின் ஆகஸ்ட் வெயில் தார்ச்சாலையைப் பிசுபிசுக்க வைத்திருந்தது. பருத்திக்கொட்டைக் கிடங்காக இருந்து ஸ்டுடியோவாக மாறிய கட்டடம். ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. வாசலில் மட்டும் பளபளவென்று ஒரு பித்தளைத் தகடு: ‘இங்கே வரலாறு படைக்கப்பட்டது.’ தகட்டை அடித்து மாட்டியது வரலாறு அல்ல, ராய்ஸ் டிட்வெல். வாரம் ஒருமுறை அதைத் துடைப்பதும் அவரே.

ராய்ஸ், ‘ரஸ்ட் மியூல்’ குழுவின் பாடகர். ஐந்து பேர் ஆரம்பித்த ப்ளூஸ் ராக் குழுவில் உயிரோடு மிச்சமிருந்த ஒரே ஆள். எழுபத்தாறு வயது. அரை நூற்றாண்டில் பதினான்கு ஆல்பங்கள். முதல் இரண்டில் உயிர் இருந்தது. அப்புறம் டிஸ்கோவைக் கண்டுபிடித்தார்கள். பிறகு கடவுளைக் கண்டுபிடித்து ஒரு ஆல்பம், அவரைத் தொலைத்துவிட்டு இன்னொன்று. ‘இதுவே எங்கள் பிரியாவிடை’ என்று மட்டும் மூன்று வெளிவந்தன. மக்கள் மூன்று முறையும் அழுதார்கள், மூன்றாவது முறை கொஞ்சம் குறைவாக.

இப்போது பதினான்கையும் ஒரே மரப்பெட்டியில் போட்டு, மூடியில் ராய்ஸின் முகத்தைச் செதுக்கி விற்கப் போகிறார்கள். பழைய டேப்புகளைத் தூசு தட்டித் துலக்கித் தருவதற்காக வெர்னாவை மெம்பிஸிலிருந்து வரவழைத்திருந்தது இசைத்தட்டுக் கம்பெனி.

“வாம்மா, வா! என்னது அது, அடுப்பா?” அவள் கையிலிருந்த மெஷினைப் பார்த்து, ராய்ஸ் கதவைத் திறந்துகொண்டே கேட்டார்.

“பழம் காயவைக்கிற மெஷின்.”

“எனக்குக் காஞ்ச பழம் ஆகாதே.”

“உங்களுக்கில்ல, உங்க டேப்புக்கு. இத்தனை வருஷத்துல பசை இளகிப் போயிருக்கும். அப்படியே ஓட்டினா பட்டை பட்டையா உரிஞ்சி வந்துடும். பதமா சூடு காட்டினா நாலஞ்சு தடவை ஓடும். அதுக்கப்புறம் குப்பைதான்.”

“ஆக, என் குரலை வாட்டி எடுக்கப் போற.”

“விமர்சகருங்க செய்யாததையா நான் செய்யப் போறேன்?”

ராய்ஸ் சிரித்தார். ஆனால் அவர் கண்கள் அவளைத் தாண்டி, கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்த டிரம் அறையைப் பார்த்துவிட்டுத் திரும்பின. அங்கே டிரம் எதுவும் இல்லை. மூன்றாவது பிரியாவிடையில் விற்காமல் போன டி-ஷர்ட்டுகள், அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகக் கூரைவரை அடுக்கிக் கிடந்தன.

உள்ளே குளிர்ச்சாதனம் முனகியது. கதவை மூடியதும் காது அடைத்துக்கொண்டது. ஸ்டுடியோவின் அமைதி காட்டு அமைதியைப் போன்றதல்ல. அதில் காற்றே செத்துப்போயிருக்கும்.

பழைய டேப்புகள் சூட்டில் கிடக்க, வெர்னா கடைசி ஆல்பத்திலிருந்து வேலையைத் தொடங்கினாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முதல் பாட்டைப் போட்டாள். பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் உள்ள வெறுமையில், எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல்.

“ஒண்ணு… ரெண்டு…”

தொடர்ந்து, குச்சியோடு குச்சி தட்டும் சத்தம்.

அதில் அதிசயம் ஒன்றுமில்லை. பாட்டைத் தொடங்க டிரம்காரர்தான் எண்ணிக் கொடுப்பார். ஒலிப்பதிவில் ஒன்றும் இரண்டும் மட்டுமே வாய்விட்டுச் சொல்லலாம். மூன்றும் நான்கும் மனசுக்குள். இல்லாவிட்டால் எண்ணுகிற குரல் பாட்டின் முதல் அடியில் ஒட்டிக்கொள்ளும். பிற்பாடு எண்ணிக்கையை வெட்டி எறிந்துவிடுவார்கள். இதை யாரோ வெட்ட மறந்திருக்கிறார்கள் என்று நினைத்து வெர்னா வெட்டினாள்.

அடுத்த ஆல்பத்திலும் அதே குரல்.

அதற்கு முந்தியதிலும்.

டேப்பைச் சுருட்டி வருடக்கணக்கில் வைத்தால் ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் பதிந்துவிடுவது உண்டு. பாடகன் வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் குரல் ஈனமாகக் கேட்கும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் டேப்பைக் கடைசிவரை ஓட்டி, வால் வெளியே இருக்கும்படி வைப்பார்கள். எதிரொலி முன்னால் வராமல் பின்னால் வந்து பாட்டுக்குள் மறைந்துவிடும். முப்பது வருட அனுபவத்தில் வெர்னா இப்படிப்பட்ட ஆவிகளை நூற்றுக்கணக்கில் ஓட்டியிருக்கிறாள். பேய் அல்ல, காந்தம்.

ஆனால் கடைசி மூன்று ஆல்பங்களும் கணினியில் பதிவானவை. அங்கே சுற்றும் இல்லை, காந்தமும் இல்லை.

அதுவுமில்லாமல், அவள் கேட்ட ஒவ்வொரு ஆல்பத்திலும் டிரம் வாசித்தது வெவ்வேறு ஆட்கள். ரஸ்ட் மியூலில் முதல் ஆளுக்குப் பிறகு எந்த டிரம்காரரும் ஒரு ஆல்பத்துக்கு மேல் தங்கியதில்லை என்பது ஊரறிந்த கேலி. பத்தாவது ஆள் சம்பளத்தைக்கூட வாங்காமல் ஓடினார் என்பார்கள். ‘எனக்கு முன்னாடியே யாரோ எண்ணுறாங்க’ என்று அவர் சொன்னதைக் கஞ்சாவின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

வெர்னா ஹெட்ஃபோனைக் கழற்றினாள். மூட்டுவலித் தைலத்தின் காட்டமான வாசனை மூக்கில் ஏறியது.

“தைலம் எதாவது பூசியிருக்கீங்களா ராய்ஸ்?”

ராய்ஸ் கையிலிருந்த இனிப்புத் தேநீரைக் கீழே வைத்தார். “அந்த வாசனை உனக்கும் வருதா?” என்றார். குரல் பாதியாகியிருந்தது. “ஈஸம் மணிக்கட்டுல பூசுவான்.”

ஈஸம் கிரிக்ஸ், குழுவின் முதல் டிரம்காரர். ஐந்து பேரில் ஒரே கறுப்பர். இரண்டாவது ஆல்பத்தோடு போய்ச்சேர்ந்தவர். அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டான ‘சால்ட் லிக் ரோடு’தான் ரஸ்ட் மியூலை உலகத்துக்குக் காட்டியது. பத்து நிமிடத்துக்கும் மேலே ஓடும் பாட்டு. அதன் முடிவில் டிரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும், தயங்கும், ஒரு அடி தவறும், நின்றுவிடும். கிட்டார் மட்டும் தாளமில்லாமல் அலைந்து அடங்கும். ‘காலம் தன்னைத் தானே மறுதலிக்கும் கணம்’ என்றார் ஒரு விமர்சகர். ஒரு பேராசிரியர் அந்த முடிவைப் பற்றி மட்டும் ஒரு தனி அத்தியாயம் எழுதிப் பதவி உயர்வு பெற்றார். பாட்டு பதிவான அதே வாரத்தில் ஈஸம் மருத்துவமனையில், தன் கையைப் பிடித்தபடி இறந்ததாக ராய்ஸ் பேட்டிகளில் சொல்வார். சொல்லும்போது இடது கண்ணில் மட்டும் ஒரு துளி வரும்.

மறுநாள் காலை அந்தப் பாட்டின் மூல டேப் சூட்டிலிருந்து வெளியே வந்தது. குரலும் வாத்தியங்களும் தனித்தனியாகப் பதிவான எட்டு தடங்கள். ஏழாவது தடத்தில் டிரம். மற்றதையெல்லாம் அடைத்துவிட்டு வெர்னா அதை மட்டும் ஓடவிட்டாள்.

“ஒண்ணு… ரெண்டு…”

அதே குரல்.

தாளம் பிடித்தது. அப்படி ஒரு தாளம். மாட்டுவண்டி மேட்டில் ஏறுவதுபோலச் சோம்பலாக, ஆனால் யாராலும் நிறுத்த முடியாததாக. வெகுநேரம் போனபிறகு தாளத்துக்கு நடுவே மூச்சு கேட்டது. ஈரமான, இழுத்து இழுத்து வாங்கும் மூச்சு.

“ராய்ஸ்… நெஞ்சைப் பிடிக்குதுப்பா. நிறுத்தச் சொல்லு.”

அந்தக் காலத்து ராய்ஸின் இளங்குரல் பதிலளித்தது. “சூப்பராப் போய்க்கிட்டிருக்குடா. முடிச்சிடு.”

தாளம் தளர்ந்தது. தயங்கியது. ஒரு அடி தவறியது.

பிறகு மரத்தரையில் ஒரு குச்சி உருண்டோடும் சத்தம்.

அதற்கப்புறமும் தூரத்தில் கிட்டார் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரும் நிறுத்தவில்லை.

வெர்னா திரும்பினாள். ராய்ஸ் கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

“ஆஸ்பத்திரின்னு சொன்னீங்க.”

“ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனோம். பாட்டு முடிஞ்சதும்.”

“பாட்டு முடிஞ்சதும்!”

“நான் மட்டுமா இருந்தேன்? எல்லாரும்தான் பார்த்துக்கிட்டிருந்தாங்க. சவுண்ட் இன்ஜினியர் விரலு பட்டன் மேலேயே இருந்துச்சு. அவனும் நிறுத்தல. நல்லாப் போகும்போது டேப்பை நிறுத்தாதேன்னு உங்க தொழில்ல சொல்லுவாங்கல்ல? அப்படி ஒரு டேக் அதுக்கு முன்னாடியும் வரல, பின்னாடியும் வரலம்மா.”

“நானா இருந்தா நிறுத்தியிருப்பேன்.”

“அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க,” என்றார் ராய்ஸ். “அழிச்சிடு அதை.”

“முடியாது. அந்த மனுஷன் எப்படிச் செத்தார்னு சொல்றதுக்கு இந்த ஒரு தடம்தான் இருக்கு.”

“பெட்டி மேல என் முகம் இருக்கு வெர்னா. நான் போனப்புறம் மிச்சமிருக்கப் போறது அந்தப் பெட்டிதான். அதுக்குள்ள இவன் உக்காந்துக்கிட்டு எண்ணக் கூடாது.” ராய்ஸ் அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார். டேப்பைத் தொடக்கத்துக்குத் திருப்பி ஓட்டினார். ஏழாவது தடத்தில் பதிவு செய்யும் சிவப்புப் பட்டனை அழுத்தி, ஓடவிட்டார். எந்த மைக்கும் செருகப்படவில்லை. வெறும் மௌனம் ஈஸமின் மேல் பதிய வேண்டும்.

ஒலியளவைக் காட்டும் ஏழாவது முள் அசையாமல் படுத்துக்கிடந்தது.

பிறகு துடித்தது.

தைல வாசனை அறையை நிறைத்தது. கண்ணாடிக்கு அப்பால், டி-ஷர்ட் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. ஸ்பீக்கரில் அல்ல. அறையில்.

“ஒண்ணு… ரெண்டு…”

டக். டக்.

“ராய்ஸ், வேணாம்,” என்று கிசுகிசுத்தாள் வெர்னா. “வெளியே போயிடலாம், வாங்க.”

ஆனால் ராய்ஸின் குதிகால் ஏற்கெனவே தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. அரை நூற்றாண்டாக எண்ணிக்கை கேட்டதும் வாய் திறந்து பழகிய மனிதர். மூன்றும் நான்கும் மௌனத்தில் கழிந்தன. ஐந்தாவது அடியில் ராய்ஸ் டிட்வெல் பாடத் தொடங்கினார்.

பாட விரும்பவில்லை என்பது அவர் கண்களில் தெரிந்தது.

ஸ்பீக்கரில் செத்துப்போன நண்பர்களின் கிட்டார்கள். பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து டிரம். நடுவில் ராய்ஸ். இருபது வருடமாக உயர்ந்த சுரங்களைப் பின்பாட்டுக்காரிகளிடம் ஒப்படைத்துவிட்டிருந்த அந்தத் தொண்டையிலிருந்து, இருபத்துநான்கு வயதுக் குரல் கிளம்பியது. மேடைப் பாசாங்கு எதுவுமில்லை. தகடு இல்லை, மரப்பெட்டி இல்லை. பயந்துபோன ஒரு மனிதன் உயிரைப் பிடித்துக்கொண்டு பாடினான். வெர்னாவின் கைமயிர் குத்திட்டு நின்றது. பயத்தால் மட்டுமல்ல.

வெகுநேரம் போனபிறகு தாளம் தளர ஆரம்பித்தது.

ராய்ஸின் கை நெஞ்சுக்குப் போயிற்று. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே, இழுத்து இழுத்து மூச்சு வாங்கினார்.

“வெர்னா… நிறுத்தும்மா.”

அவள் விரல் பட்டன் மேலேயே இருந்தது.

அழுத்தினால் போதும். டேப் நிற்கும். டிரம் நிற்குமா என்று தெரியாது, ஆனால் அழுத்தியிருக்கலாம். ஏழாவது முள் துல்லியமாக ஆடிக்கொண்டிருந்தது. முப்பது வருடத்தில் அவள் இப்படி ஒரு டேக்கைக் கேட்டதில்லை.

தாளம் தயங்கியது.

அவள் விரல் அசையவில்லை.

ஒரு அடி தவறியது.

ராய்ஸ் மண்டியிட்டு, பிறகு பக்கவாட்டில் சரிந்தார். கிட்டார் தாளமில்லாமல் அலைந்து அடங்கியது. டேப்பின் வால் சுருளிலிருந்து விடுபட்டுப் பட், பட் என்று அடிக்கத் தொடங்கிய பிறகுதான் வெர்னா ஆம்புலன்சுக்குத் தொலைபேசி செய்தாள்.

மாரடைப்பு என்றார்கள். எழுபத்தாறு வயது, ஆகஸ்ட் வெயில். யாரும் வேறெதுவும் கேட்கவில்லை.

மரப்பெட்டி கிறிஸ்துமஸுக்கு வெளிவந்தது. வெர்னா சண்டை போட்டு உள்ளே இருந்த கையேட்டில் ஒரு வரியைச் சேர்க்க வைத்தாள்: ‘டிரம்: ஈஸம் கிரிக்ஸ். நிறுத்தச் சொல்லியும் யாரும் நிறுத்தாததால், இந்தப் பாடலை வாசித்துக்கொண்டே இறந்தார்.’ அது அற்புதமான உருவகம் என்று பாராட்டி எழுதினார் காலத்தை மறுதலித்த அதே விமர்சகர். ராய்ஸ் எப்படி இறந்தார், அப்போது யாருடைய விரல் எங்கே இருந்தது என்று கையேட்டில் எந்த வரியும் இல்லை.

பாட்டின் பிரதியை மட்டும் கொடுத்தாள்; அந்த மூல டேப்பை அவள் கம்பெனியிடம் கொடுக்கவில்லை. கொடுக்க மனம் வரவில்லை. வால் வெளியே இருக்கும்படி சுருட்டி, தன் வேலை அறை அலமாரியில் பூட்டி வைத்தாள்.

பிப்ரவரியில் ஒருநாள் காலை, காப்பிக் கோப்பையோடு வேறு டேப்பை எடுப்பதற்காக அலமாரியைத் திறந்தாள். திறக்கும்வரை பூட்டு பூட்டியபடியே இருந்தது. டேப்பும் வைத்த இடத்தில் அப்படியே.

சுருள்தான் மாறியிருந்தது. வால் உள்ளே, தலை வெளியே. முழுக்கத் திருப்பிச் சுற்றி, ஓட்டுவதற்குத் தயாராக.

தைல வாசனை வந்தது.

வெர்னா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் எண்ணவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. வெறும் மௌனம், தாளத்தின் இரண்டே அடி நீளத்துக்கு.

அந்த மௌனம் எதுவென்று அவளுக்குப் புரிவதற்குள், அவளுடைய குதிகால் தரையைத் தட்டத் தொடங்கியிருந்தது.