உள்ளே ஆள்

அட்டை மறுபடியும் தொங்கியது.

குளிர் அறைக் கதவின் கைப்பிடியில், சணல் கயிற்றில், பிஸ்கட் பெட்டியைக் கிழித்துச் செய்த அட்டை. 'உள்ளே ஆள் இருக்கு. பூட்டாதீங்க.' வலப்பக்கம் சரிந்த அந்தக் கையெழுத்தை மேனேஜருக்கு நன்றாகத் தெரியும். கிடங்குக்காரருடையது. அட்டை ஒட்டும் டேப்பைப் பல்லால்தான் கடித்து அறுப்பார். சுவரெல்லாம் அவர் அட்டைகள்தான் இருந்தன: 'படி உடைஞ்சிருக்கு, பாத்து', 'சுவிட்ச் ஷாக் அடிக்கும்'. யாருக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாதென்று பயந்த மனுஷன்.

போன மாதம் முதலாளி வருகிறார் என்று மேனேஜர் அத்தனையையும் கிழிக்கச் சொன்னார். "இது கம்பெனியா, சந்தையா?" கைப்பிடியில் தொங்கியதை அவரே பிடுங்கினார், உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல். அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது கிடங்குக்காரர் விறைத்துக் கிடந்தார். "அவன் தலைவிதி" என்று சொல்லிவிட்டு மேனேஜர் டீ குடிக்கப் போனார்.

இப்போது வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"யாருய்யா இதை மாட்டினது?"

"நான் இல்லைங்க சார். அட்டை இருந்தா பூட்ட மாட்டேன், இல்லேன்னா பூட்டிடுவேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"அதையாவது ஒழுங்கா செய். போ."

அட்டையைக் கிழித்து எறிந்தார். கதவைத் திறந்தால், உள்ளே விளக்கு எரிந்தது. எந்தப் பயல் விளையாடுகிறான் என்று பார்க்க நுழைந்தார். கனத்த கதவு அவர் பின்னால் சாத்திக்கொண்டது.

மெஷின் உறுமிக்கொண்டிருக்க, மீன் வாடைக்கு நடுவே நனைந்த அட்டையின் புளித்த வாடை மூக்கில் ஏற, அடுக்கு அடுக்காக நின்ற பெட்டிகளைத் தாண்டி அவர் நடந்தபோது, ஒவ்வொரு அடுக்கிலும் அதே சரிந்த எழுத்தில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. 'கையால தட்டினேன்.' அடுத்ததில், 'தோளால தட்டினேன்.' அதற்கடுத்ததில் எழுத்து கோணிக் கிடந்தது. 'தலையால.'

கதவுக்கு ஓடினார்.

வெளியே செருப்புச் சத்தம். கதவருகே நின்றது. வாட்ச்மேன் கைப்பிடியைப் பார்த்திருப்பான்.

தாழ்ப்பாள் விழுந்தது.

"யோவ்! நான்யா! உள்ளே இருக்கேன்யா!"

வாட்ச்மேனின் சீழ்க்கை மெல்லத் தேய்ந்து போனது.

முதுகுக்குப் பின்னால் டேப் இழுபட்டது. கர்ரென்று. பல்லால் கடிபட்டது.

திரும்பத் தைரியமில்லை.

தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. நகம் தேய்ந்து போன விரல்கள். அவர் கண்ணெதிரே, கதவில், ஓர் அட்டையை ஒட்டி, ஓரங்களைப் பொறுமையாக நீவிவிட்டது.

'உள்ளே ரெண்டு ஆள்.'