தொடங்கிய இடத்தில் முடிக்க வேண்டும்

சுவரோரம் நின்று அவர் இரண்டு கைகளையும் மெல்லக் கீழே இறக்கிப் பயிற்சியை முடித்தபோது, கூடத்தின் நடுவிலிருந்த டைல் 'டக்' என்றது.

அந்த ஒற்றை டைல் போன மழைக்காலத்திலேயே பெயர்ந்துவிட்டது. மிதித்தால் சத்தம் போடும். மிதிக்காவிட்டால் தன் பாட்டுக்குக் கிடக்கும். கொத்தனாரைக் கூப்பிடச் சொல்லிச் சொல்லி மனைவிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அவள் இப்போது மருந்துக்கடையில் இருந்தாள்; கடையடைத்துத்தான் வருவாள். வீட்டில் அவரைத் தவிர ஈ காக்கை இல்லை. வெயில் தாழ்ந்ததும் சிமெண்டு சுருங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவர் கழுத்து வியர்வையைத் துடைத்தார்.

அவர் பஸ் டிரைவர். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு திருப்பத்தில் உலகமே ஒரு பக்கமாகச் சரிந்து, பஸ் நடைபாதைமேல் ஏறி நின்றது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காதுக்குள் கோளாறு, அதனால்தான் தலைசுற்றல் என்றார் டாக்டர். டிப்போவில் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கண்ணை மூடி ஒற்றைக் காலில் ஆடாமல் நின்று காட்டினால் சாவி திரும்பக் கிடைக்கும். இல்லாவிட்டால் மிச்ச காலத்தை டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தே கழிக்க வேண்டியதுதான். ஸ்டீயரிங் இல்லாத கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே அவருக்குத் தெரியவில்லை.

தாய்ச்சி என்னும் அந்த மெதுவான சீனப் பயிற்சியைப் பழகச் சொன்னதும் அதே டாக்டர்தான். சாயங்காலமானால் எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துச் சிரிக்காமலிருக்க ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, டிவிக்குப் பக்கத்திலிருந்த விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு, அவர் வீடியோவைப் பார்த்துப் பழகுவார். ஒருநாள் வேடிக்கை பார்த்த மனைவி, "ஏங்க, இந்த வேகத்துல பஸ் ஓட்டினா பாசஞ்சர் எல்லாம் இறங்கி நடந்தே போயிடுவாங்க," என்றாள். அவருக்கும் சிரிப்பு வந்தது.

வீடியோவில் குட்டை முடி வைத்த ஒரு பெண் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பாள். "ஒரு காலோட எடையை முழுசா இன்னொரு கால்ல இறக்கிடுங்க. காலியானதைத்தான் நகர்த்த முடியும். எங்க தொடங்குறீங்களோ அங்கேயே வந்து முடிக்கணும். வேற எங்கேயாவது முடிச்சா, நடுவுல தப்புப் பண்ணியிருக்கீங்கன்னு அர்த்தம்."

ஆடும் டைலையே அவர் தொடங்கும் இடமாக வைத்துக்கொண்டார். ஆனால் முடியும்போது அங்கே இருக்கமாட்டார். குறுகலான சந்துக்குள் முழு பஸ்ஸையும் நூல் பிடித்தாற்போல் நுழைக்கத் தெரிந்தவரின் இரண்டு கால்களும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தினமும் டிவிக்கு எதிர்ச்சுவரின் பக்கமாகவே ஒதுங்கிக்கொண்டிருந்தார். முந்தின நாளைவிட எப்போதும் கொஞ்சம் கிட்டத்தில். அவர் தப்பான இடத்தில் முடிக்கும் அதே நொடியில், சரியான இடத்தில் டைல் 'டக்' என்றது. யாரோ ஒழுங்காகச் செய்து முடித்ததைப் போல.

எல்லாவற்றையும்விட அந்தத் திருப்பம்தான் தொல்லை. பாதியில் உடம்பு முழுவதும் திரும்பி, டிவிக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். பின்னால் அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று தெரியாது. பின்னால் வருவதைக் கண்ணாடியில் பார்த்தே பிழைத்த மனிதருக்கு அது முதுகில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. எட்டிப் பார்க்கக் கழுத்தைத் திருப்பினால் தலை சுற்றியது. அதனால் ஒருநாள் திரும்பிப் பார்க்காமல், எதிர்ச்சுவரில் விழுந்திருந்த தன் நிழலைப் பார்த்தே செய்தார். மங்கிய மஞ்சள் வெளிச்சத்தில், சுண்ணாம்பு உப்பியிருந்த அந்தச் சுவரில், பழைய ஈர வாசனைக்கு நடுவே, நிழல் நிதானமாக இடது கையை உயர்த்தியது, அடுத்து இடது கைதான் என்று அவருக்கும் ஞாபகம் வந்தது, உயர்த்தினார்.

இரவு சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் அது உறைத்தது. நிழல் முதலில் உயர்த்தியது. அவர் பிறகு.

மறுநாள் படிக்கட்டில் கீழ்வீட்டுக்காரர் வழிமறித்தார். "தப்பா நினைக்காதீங்க சார், சாயங்காலமானா மேல ஒரே நடமாட்டமா இருக்கு. அம்மாவும் உங்ககூடச் சேர்ந்து பண்றாங்களோ?"

"அவ கடையில இல்ல இருப்பா? நான் ஒருத்தன்தான்."

"ரெண்டு பேர் நடக்குற மாதிரில்ல கேட்குது," என்று கீழ்வீட்டுக்காரர் சங்கடமாகச் சிரித்தார்.

அன்றோடு பயிற்சியை நிறுத்தினார். கூடத்து விளக்கைப் போடாமல் சமையலறையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். மூன்றாம் நாள் குளியலறையில் தலை சுற்றி, வாளியோடு விழப்போனார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கூடத்தில் போன் அடித்தது; போய் எடுத்தால் டிப்போ கிளார்க். "அண்ணே, திங்கக்கிழமை டெஸ்ட் வச்சிருக்காங்க. இதை விட்டா வேற சான்ஸ் இல்லண்ணே." போனைக் கையில் பிடித்தபடி கண்ணை மூடி ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். ஆடவில்லை. கல்லுக்குண்டாக நின்றார். கண்ணைத் திறந்தபோது அந்தச் சுவருக்கு எதிரில் இருந்தார். வீட்டில் வேறெங்கே நின்றாலும் தள்ளாடினார். இங்கே மட்டும் இல்லை. அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் சாவியும் வேண்டியிருந்தது.

மருந்துக்கடைக்கு ஞாயிறும் லீவு கிடையாது; அன்று சாயங்காலம் மனைவி இல்லாதபோது அவர் மறுபடி திரையை இழுத்துவிட்டார். விளக்கைப் போட்டார். டைலில் ஏறி நின்றார். டைல் சத்தம் போடவில்லை. குதிகாலை அழுத்தி மிதித்துப் பார்த்தார். மேலே ஓர் இலை விழுந்த அளவுக்குக்கூட அது அசையவில்லை. சரி, போகட்டும். கைகளை உயர்த்தினார். எடை வலக்காலுக்கு இறங்கியது, இடக்கால் காலியானது, நகர்ந்தது. இடக்காலுக்கு இறங்கியது, வலக்கால் காலியானது, நகர்ந்தது. இவ்வளவு சுலபமாக அது என்றும் வந்ததில்லை. திருப்பம் வந்தது. திரும்பினார்.

சுவர் மிகவும் கிட்டத்தில் இருந்தது.

போதும் என்று நினைத்தார். கை நிற்கவில்லை. பிரேக்கை மிதிப்பதுபோல வலக்காலை ஊன்றினார். கால் ஊன்றவில்லை. முதுகுக்குப் பின்னால் வீடியோ ஓடி முடிந்து டிவி அடங்கியது. அவர் அடங்கவில்லை. வாசல் கதவு பத்தடி தூரத்தில்தான் இருந்தது, தாழ்ப்பாள்கூடப் போடவில்லை. கழுத்தைத் திருப்பப் பார்த்தார். முடியவில்லை. நிழல் எந்தப் பக்கம் பார்த்ததோ அந்தப் பக்கம்தான் பார்க்க முடிந்தது.

நிழல் வலது உள்ளங்கையை முன்னால் நீட்டியது.

அவர் கையும் நீண்டது.

வேண்டாம்.

சுவர் சில்லென்று இருக்கும் என்று நினைத்தார். இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது. வியர்த்திருந்தது. ரேகைகள் இருந்தன.

அது மெல்ல இழுத்தது. வலக்கால் காலியானது. இடக்கால் காலியானது. வயிறு. நெஞ்சு. மூச்சு. எடை முழுவதும் அந்தக் கை வழியாக இறங்கியது. தோள் மாற்றிய மூட்டையைப் போல, எல்லாம் அந்தப் பக்கம்.

காலியானதைத்தான் நகர்த்த முடியும்.

நகர்ந்தார்.

கூடத்தின் நடுவில் டைல் 'டக்' என்றது.

பூட்டுத் துவாரத்தில் சாவி திரும்பும் ஓசை. மருந்து வாசனையோடு மனைவி உள்ளே வந்து, பையை நாற்காலியில் போட்டுவிட்டு அப்படியே நின்றாள். "அட! கண்ணை மூடிக்கிட்டு ஒத்தைக் கால்ல நிக்கிறீங்களே! கொஞ்சம்கூட ஆடலையே!" அவள் கண் கலங்கிவிட்டது. இந்த இரண்டு மாதமும் அவள் எவ்வளவு பயந்திருந்தாள் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. சொல்ல வாயில்லை. சுண்ணாம்பின் கசப்பு மட்டும் இருந்தது.

"சரியாயிடுச்சு," என்றது அவருடைய குரல், கூடத்தின் நடுவிலிருந்து. "நாளைக்குச் சாவி என் கையில."

'ஓடிப் போ' என்று அவளைப் பார்த்துக் கத்தினார். சுவர் கத்தவில்லை. நடுவில் நின்றவன் கையைத் தூக்கினான். அவர் கையும் உயர்ந்தது. நடுவில் நின்றவன் அவளைக் கைகாட்டி அழைத்தான், அவரும் அழைத்தார்.

"நீயும் பழகேன். கஷ்டமே இல்ல. இங்க வந்து நில்லு."

"ஐயே, இந்த வயசுலயா?" என்று சிரித்தபடி அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். அவன் விலகி இடம் கொடுத்தான். டைல் 'டக்' என்றது. சுவரில், அவருக்குப் பக்கத்தில், குள்ளமான ஒரு நிழல் வந்து ஒட்டியது. அதன் தோள் அவர் தோளை இடித்தது.

"முதல்ல கையைத் தூக்கணும், அவ்வளவுதானே?" என்றாள்.

அவள் இன்னும் தூக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில், மெதுவாக, இரண்டு கைகள் உயர்ந்தன.